வரத்துக்கால் எங்கே? மதுரை மாமன்ற உறுப்பினர்கள் நூறு பேருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கலெக்டருக்கு மனு எழுதுவதுதான் எங்கள் வழக்கம். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். என்னிடம் அப்படி ஏழு ரசீது இருக்கிறது. இந்த முறை உங்களுக்கு எழுதுகிறேன். அதிகாரிகளுக்கு இரண்டு மூன்று வருடத்தில் மாறுதல் வந்துவிடும். நீங்கள் இங்கேயே குடியிருப்பவர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ராத்திரி பதினோரு மணிக்கும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறோம்.

எங்கள் வார்டு உறுப்பினரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். 2024 அக்டோபர் மழையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் எங்களோடு நின்றார். யார் யாருக்கோ போன் போட்டார். ஆனாலும் அன்று அவரால் தண்ணீரை இறக்க முடியவில்லை. அடைப்பு அவருடைய வார்டில் இல்லை. இரண்டு வார்டு தாண்டி இருந்தது. அது எங்கே இருந்தது என்பதே எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். 1999 இல், வைகைக்கு வடக்கே, அப்போது ஊருக்கு வெளியே என்று சொல்லப்பட்ட ஓர் இடத்தில் மூன்றரை சென்ட் மனை வாங்கினேன். மனைக்குப் பின்னால் ஒரு பள்ளம், அது நிறைய எருக்கும் சீமைக்கருவேலும். இது என்ன என்று கேட்டேன். "ஓடை சார். இப்ப ஓடுறதில்ல" என்றார் புரோக்கர். ஆற்றுப் படுகை, நீர்ப்பிடிப்பு, வடிநிலம் என்று கரும்பலகையில் வருடா வருடம் படம் போட்டுக் காட்டிய வாத்தியார், அந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டினேன். விலை குறைவு, அதுதான் விஷயம். பின்பக்கச் சுவர் எழுப்பும்போது அக்கம்பக்கத்தார் செய்தது போலவே நானும் ஓரடி ஓடைப் பக்கம் தள்ளித்தான் எழுப்பினேன்.

2024 அக்டோபர் 25 சாயங்காலம் அந்த ஓடை ஓடியது. என் அடுக்களை வழியாக ஓடியது.

அன்று ஒரே நாளில் 10 செ.மீட்டருக்கு நெருக்கமாக மழை. அதிலும் பெரும்பங்கு கொஞ்ச நேரத்துக்குள் கொட்டித் தீர்த்தது. செல்லூர், நரிமேடு, பீபிகுளம் பக்கமெல்லாம் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைக் கழுவி முடித்த பிறகு, தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து எங்கள் பகுதியின் நில அளவை வரைபடமான புலப்படத்தையும், எந்த நிலம் எந்த வகை என்று சொல்லும் அ பதிவேட்டு நகலையும் வாங்கினேன். என் மனைக்குப் பின்னால் இருப்பது 'ஓடை புறம்போக்கு'. அந்த இடத்தில் அதன் அகலம் ஒன்பது மீட்டர். இன்று அங்கே இருக்கும் சிமெண்ட் வாய்க்கால் ஒன்றேகால் மீட்டர். காணாமல் போனதில் ஓரடி என் கணக்கு.

இனி அப்பாவைப் பற்றி. அவர் அழகர்மலை அடிவாரத்தில் ஒரு மானாவாரிக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தார். நாங்கள் பேச்சில் கம்மா என்போம். மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதலில் விடுவது, எப்போது அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் பணமாகக் கிடையாது, அறுவடையில் களத்து நெல்தான். புரட்டாசி பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டி, அரிவாளோடு கிளம்ப வேண்டும். கண்மாயில் தொடங்கி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே மலையடிவாரம் வரை நடப்பார்கள். சரிந்த மண்ணை அள்ளிப் போடுவார்கள், முள்ளை வெட்டுவார்கள், யாராவது வரப்பை நகர்த்திக் கட்டியிருந்தால் அங்கேயே நின்று சத்தம் போடுவார்கள். பத்து வயதில் நானும் கூடப் போனேன். நம்ம கம்மாக் கரையை விட்டுவிட்டு எதுக்குப்பா இவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று கேட்டேன். "கரை எங்கடா போகப் போகுது? கால்தான் காணாமப் போயிரும்" என்றார்.

புவியியல் படித்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது. மதுரைச் சீமையில் கண்மாய் எதுவும் தனியாக இருப்பதில்லை. மேலே உள்ள கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாகத் தண்ணீர் வெளியேறும். அந்த மறுகால்தான் கீழே உள்ள கண்மாய்க்கு வரத்துக்கால். அது நிறைந்தால் அதற்கும் கீழே. மலையில் விழுந்த ஒரே மழை இப்படி ஏழெட்டு ஊரில் நின்று, ஊறி, வயல் பாய்ந்து, மிச்சம் வைகையிலோ இன்னோர் ஓடையிலோ போய்ச் சேரும். சாத்தையாறு பக்கத்து மழை கண்மாய் கண்மாயாக இறங்கிச் செல்லூரை நோக்கி வருவதும் இப்படித்தான். செல்லூர் கண்மாயின் உபரி பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். மேற்கே நாகமலை அடிவாரத்தில் தொடங்கும் கிருதுமால் நதியோ நகரத்துக்குள் நுழைந்து வெளியேறி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்கள் வரை பாய்ந்த ஆறு. வைகையும் கிருதுமாலும் மதுரைக்கு மாலை போட்டது போல ஓடின என்பார்கள். இன்று கிருதுமாலை நதி என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

இந்தச் சங்கிலியில் கண்மாய் கண்ணுக்குத் தெரியும், கால்வாய் தெரியாது. அதனால் நகரம் வளர்ந்தபோது முதலில் போனது கால்வாய். வரத்து நின்றால் கண்மாய் வறண்ட பொட்டலாகிவிடும். பொட்டலாக ஒரு பத்து வருடம் கிடந்தால் அது 'பயன்படாத அரசு நிலம்' என்று பெயர் வாங்கிவிடும். அப்புறம் கட்டடம் வரும். தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில்தான் நீங்கள் கூட்டம் நடத்தும் மாளிகையே இருக்கிறது. 2004 இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரியில், பெயரிலேயே ஏரி இருக்கிறது. தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம், கோசாகுளம், ஆலங்குளம் என்று பஸ்ஸில் கண்டக்டர் வரிசையாகக் கூவிக்கொண்டு போகும்போது எனக்குச் சில சமயம் இறந்தவர்கள் பெயரை வாசிப்பது போல இருக்கும். பழைய பாவத்தைத் தோண்ட வரவில்லை. நீதிமன்றத்தை இடிக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் இந்தக் கட்டடங்களைக் கட்டியபோது மேலிருந்து வரும் தண்ணீருக்கு வேறு வழி விட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

மழை குறைந்துவிட்டது, அதனால் இதெல்லாம் தேவையில்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். மதுரைக்கு வருடத்துக்குச் சுமார் 850 மி.மீ. மழை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அது ஏறக்குறைய 79,000 லிட்டர். மாநகராட்சிப் பரப்பு 148 சதுர கிலோமீட்டர். நகரம் முழுக்க ஒரே சீராக 10 செ.மீ. பெய்தால் 1,480 கோடி லிட்டர் தண்ணீர். அன்று எல்லா இடத்திலும் அப்படிப் பெய்யவில்லை, இது கணக்குக்காகச் சொல்வது. மாறியிருப்பது மழை வரும் விதம். காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒரு நாள் மொத்தமாகக் கொட்டும். ஐப்பசி முழுக்க நசநசவென்று பெய்த அளவை இன்று ஒரு சாயங்காலத்தில் கொட்டிவிட்டு, அடுத்த இருபது நாள் வானம் வெளுத்துக் கிடக்கிறது. ஒன்றேகால் மீட்டர் வாய்க்கால் அந்த ஒரு சாயங்காலத்துக்குப் போதாது. கண்மாய்க்குள் போகாத தண்ணீர் அந்த இருபது நாளுக்கு உதவாது. வெள்ளமும் வறட்சியும் ஒரே வருடத்தில் ஒரே தெருவுக்கு வருவது இதனால்தான். அக்டோபரில் தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றிய நாங்கள், மே மாதம் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்தோம்.

இதற்கிடையில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர்கேம்பிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் குழாயில் நம் வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டம். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? எனக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும். 1895 இல் கட்டிய அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்துதானே இந்தச் சீமை பிழைத்தது. ஆனால் அடுத்த மாநிலத்து மலையில் பெய்யும் மழைக்கு இவ்வளவு நீளக் குழாய் போடும் ஊர், தன் தலையில் பெய்யும் மழையைக் கால்மணி நேரத்தில் சாக்கடையாக மாற்றி அனுப்பிவிடுகிறது. இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. வைகை அணையில் 2017 இல் தெர்மாகோல் மிதக்கவிட்டதை நாடே பார்த்துச் சிரித்தது. சிரித்த நாம் எத்தனை பேர் நம் வீட்டு மழைநீர்க் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறோம்? 2003 இல் கட்டாயமாக்கியபோது அவசரத்தில் பொருத்திய குழாய்கள் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் எந்தக் குழியிலும் போய்ச் சேரவில்லை. என் வீட்டுக் குழாயும் அப்படித்தான் இருந்தது. இப்போது சரிசெய்துவிட்டேன். இரண்டு ஆள் கூலி, ஒரு நாள் வேலை.

சரி, அடைப்பு எங்கே இருந்தது என்று சொல்கிறேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புலப்பட நகலை எடுத்துக்கொண்டு நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும், ஓய்வு பெற்ற மின்வாரிய லைன்மேன் ஒருவரும் எங்கள் ஓடையைப் பிடித்து மேலே நடந்தோம். அப்பா காட்டிய அதே வேலை, ஐம்பது வருடம் தாமதமாக. முதல் அரை கிலோமீட்டரில் ஓடை எங்களுக்குத் தெரிந்த சாக்கடைதான். அடுத்து ஒரு கல்யாண மண்டபம். வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று வாய்க்காலின் மேல் அறுபது அடி நீளத்துக்குக் கான்கிரீட் மூடி போட்டிருந்தார்கள். உள்ளே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி உயரத்துக்கு மண்ணும் வாழை இலையும். அதைத் தாண்டி ஒரு தரைப்பாலம். பாலத்தின் வாயில் குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய், மூன்று கேபிள் குழாய், எல்லாம் வெவ்வேறு வருடத்தில் வெவ்வேறு துறை போட்டது. அவற்றில் பிளாஸ்டிக் பைகளும் தலையணை ஒன்றும் ஒரு முழு மெத்தையும் சிக்கிக் கிடந்தன. அந்த மெத்தைதான் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீரை நிறுத்தியது என்று லைன்மேன் அண்ணன் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. மெத்தை போன பிறகும் குழாய்கள் அங்கேயேதான் இருக்கின்றன.

இன்னும் மேலே போனால் ஓடை காணோம். புலப்படத்தில் கோடு இருக்கிறது, தரையில் தெரு இருக்கிறது. ஓர் ஆட்டோ டிரைவரைக் கேட்டோம். "ஓடையா? நீங்க அது மேலதான் நிக்கிறீங்க" என்றார். தெரு முடிந்து பள்ளத்தில் மறுபடி தலைகாட்டியது. அங்கே கோழிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாக. கடைசியில் கண்மாய். புதுசாக நடைபாதை, கைப்பிடிக் கம்பி, சோலார் விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. அழகாகத்தான் இருந்தது. நாங்களும் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். பிறகு நடைபாதையை ஒரு சுற்று சுற்றி வந்தோம். வரத்துக்கால் கண்மாய்க்குள் நுழையும் வாய், புலப்படத்தின்படி பன்னிரண்டு மீட்டர். நடைபாதை எங்கும் அறுந்துவிடாமல் வட்டமாக வர வேண்டுமே, அதற்காக அந்த வாயை மண் போட்டு நிரப்பி, அடியில் இரண்டு அடிக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். ஆக, மேலே பெய்யும் மழை கண்மாய்க்குள் போக வழியில்லாமல் கண்மாயைச் சுற்றிக்கொண்டு நேராக எங்கள் தெருவுக்கு வருகிறது. கண்மாயில் அன்றும் பாதித் தண்ணீர்தான். பத்து செ.மீ. மழை பெய்து ஒரு மாதம் ஆகவில்லை!

இதனால்தான் கண்மாயை அழகுபடுத்தும் திட்டங்கள் பற்றிப் படித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நடைபாதை தப்பில்லை. மக்கள் நடக்க வந்தால் குப்பை கொட்டுகிறவனுக்குக் கொஞ்சம் கூச்சம் வரும். ஆனால் வரத்தையும் மறுகாலையும் சரிசெய்யாமல் கரையில் டைல்ஸ் பதிப்பது, தொண்டை அடைத்தவனுக்கு முகப் பவுடர் போடுவது மாதிரி.

நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645 இல் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் என் வயதுக்காரர்களுக்குக் கிரிக்கெட் மைதானம். தண்ணீர் இல்லாத தை மாதங்களில் தெப்பத் திருவிழாவைத் தெப்பம் மிதக்காமலே நிலைத்தெப்பமாக நடத்திப் பார்த்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் வைகையிலிருந்து வரும் பனையூர் கால்வாயைச் சரிசெய்தார்கள். அவ்வளவுதான். குளத்தில் தண்ணீர் நின்றது, படகு ஓடியது, சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகளில் நீர் ஏறியது. அங்கே குடியிருக்கும் என் சம்பந்தி இரண்டு கோடையாக லாரியைக் கூப்பிடவில்லை. கொடிமங்கலம் பக்கம் வைகையிலிருந்து வரும் தண்ணீரில் மாடக்குளம் கண்மாய் நிறைந்தால் மேற்கு மதுரைக்காரர்கள் முகம் தெளிவதும் இதே கதைதான். பனையூர் கால்வாய்க்கு முடிந்தது அனுப்பானடி, சிந்தாமணி, அவனியாபுரம், சொட்டதட்டி கால்வாய்களுக்கு ஏன் முடியாது?

பந்தல்குடி வாய்க்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு செல்லூர் கண்மாயிலிருந்து வைகை வரை சுமார் 290 மீட்டருக்கு 11.9 கோடி ரூபாயில் சிமெண்ட் கால்வாய் என்று அரசு அறிவித்தது. நல்லது, தண்ணீர் வெளியேற வழி வேண்டும். 2025 மே கடைசியில் முதலமைச்சர் வந்தபோது பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்ததையும் பார்த்தோம். அவரே பிறகு அந்த வாய்க்காலைப் போய்ப் பார்த்தார். துணியை யார் கட்டச் சொன்னது என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். ஆனால் அடியிலும் சிமெண்ட் பூசும் வழக்கத்தை மட்டும் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். பக்கச் சுவர் கட்டுங்கள், மண் சரியாமல் இருக்கட்டும். அடித்தளத்தை மண்ணாக விட்டால் போகிற வழியில் கொஞ்சமாவது ஊறும். நாலு பக்கமும் பூசிய வாய்க்கால் தண்ணீரை வேகமாகக் கொண்டுபோய் அடுத்த வார்டில் தள்ளும், அவ்வளவே. இன்னொன்று: மழைநீர் வாய்க்காலில் வீட்டுச் சாக்கடையை இணைத்த குழாய்களை எடுக்காமல் வாய்க்காலை எத்தனை முறை தூர்வாரினாலும் வீண். அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சாக்கடை அங்கே போகட்டும்.

ஆவணி மூலத்தில் பிட்டுத் திருவிழாவுக்கு நாம் எல்லோரும் போகிறோம். வைகை கரை உடைத்ததும் பாண்டியன் வீட்டுக்கு ஓர் ஆள் என்று உத்தரவு போட்டான், ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதர் உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தார், வேலை செய்யாமல் தூங்கியதற்குப் பிரம்படி பட்டார், அந்த அடி ஊரில் எல்லார் முதுகிலும் விழுந்தது. பிட்டையும் பிரம்படியையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் வரும் அளவுக்கோல்தான் பிடிக்கும். கரையை அளந்து இன்னார் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்ததால்தானே, பாண்டியனின் ஆள் நடந்து வந்தபோது அடைபடாத பகுதி வந்தியுடையது என்று கண்டுபிடிக்க முடிந்தது? இன்று எங்கள் ஓடையில் ஒரு பத்து மீட்டரைக் காட்டி இது யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது, மூன்றாவது என்னை முதல் அலுவலகத்துக்கே அனுப்பியது. ஏழு ரசீது சேர்ந்த கதை அதுதான்.

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. மாமன்றத்தில் ஒரு தீர்மானம். நகரத்துக்குள் நுழையும், நகரத்தைக் கடக்கும் எல்லா வரத்துக்கால்களையும் மறுகால்களையும் புலப்படத்தின்படி அளந்து, இருபக்கமும் கல் நட வேண்டும். எந்த நீளம் எந்த வார்டில், எந்தத் துறையின் பொறுப்பில் என்று எழுதிய வரைபடத்தை வார்டு அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். 2007 இலேயே ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்துவிட்டது, சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஒரே கால்வாய் கடக்கும் வார்டுகளின் உறுப்பினர்கள், கட்சி எதுவானாலும், மழைக்கு முன் ஒரு முறை சேர்ந்து உட்கார வேண்டும். பாலமோ சாலையோ நடைபாதையோ ஒப்புதலுக்கு வரும்போது, கைதூக்குவதற்கு முன் 'இதன் அடியில் போகும் தண்ணீருக்கு எத்தனை மீட்டர் விட்டிருக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அந்த இரண்டு அடிக் குழாய் அங்கே வந்திருக்காது.

ஆக்கிரமிப்பு என்றதும் வழக்கமாக முதலில் போவது வாய்க்கால் கரையில் தகரம் அடித்து வாழ்கிறவர்களின் குடிசை. அதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஓடையில் தண்ணீரை நிறுத்துவது மண்டபத்து மூடியும், துறைகள் போட்ட குழாய்களும், என்னைப் போல் பட்டா வைத்திருப்பவன் திருடிய ஓரடியும். அங்கிருந்து தொடங்குங்கள். குடிசைக்காரர்களை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடாமல், அவர்கள் வேலைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் வீடு கொடுத்துவிட்டு எடுங்கள். கரையில் வாழும் பெண்கள்தான் எந்த இடத்தில் தண்ணீர் முதலில் ஏறும் என்று எங்களுக்குச் சரியாகச் சொன்னவர்கள்.

நகரத்துக்கு வெளியேயும் கொஞ்சம் பாருங்கள். உங்கள் எல்லை முடிந்த இடத்தில்தான் நம் தண்ணீர் தொடங்குகிறது. 2022 இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியை அறிவித்தபோது, அந்தப் பாறைக் குன்றுகளைச் சுற்றி 72 ஏரிகளும் 200 சுனைகளும் இருப்பதாக அரசே எழுதியது. மலை என்றால் நமக்குக் கல். அந்த ஊர்க்காரர்களுக்கு அது தண்ணீர்த் தொட்டி. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கம் என்று பேச்சு வந்ததும் மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. அன்று நான் ரோட்டோரம் நின்று மோர் கொடுத்தேன். கூட்டத்தில் என் அப்பா வயதில் ஒரு பெரியவர் மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "டவுன்ல இருக்கிற கம்மாயெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகத் தேடினார். நாங்கள் நின்றிருந்தது தல்லாகுளத்தில். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இன்னொரு தம்ளர் மோர் ஊற்றினேன்.

என் பங்குக்கு: பின்பக்கச் சுவரை இந்தச் சித்திரையில் ஓரடி உள்ளே வாங்கிக் கட்டிவிட்டேன். துணி துவைக்கும் கல்லுக்கு இடமில்லாமல் போனதில் வீட்டுக்காரம்மாவுக்கு வருத்தம்தான். அக்கம்பக்கத்தில் ஒருவர் தானும் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள், எல்லாரும் எடுத்தால் நாங்களும் எடுக்கிறோம் என்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கல் நட்டால் எடுப்பார்கள்.

புரட்டாசி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் ஓடையை மறுபடி நடக்கப் போகிறோம். இந்த முறை கண்மாயில் தொடங்கிக் கீழ்நோக்கி, பந்தல்குடி வாய்க்கால் வைகையில் விழும் இடம் வரையிலும் போய்ப் பார்த்துவிட எண்ணம். எங்கள் அக்கா வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். உங்களில் யார் வந்தாலும் சரி, புலப்பட நகல் இரண்டு கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல செருப்பு வேண்டாம். அந்தத் தரைப்பாலத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது, அஞ்சரைக்கே திறந்துவிடுவார். டீ என் செலவு.

இப்படிக்கு,
வடக்கு மதுரையில் ஓர் ஓடையின் கரையில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற வாத்தியார்